சிங்காநல்லூர்ப் பாய்மரக்காரர்

நான் தைத்த தையலை என் கண் முன்னாலேயே தராசில் மாட்டி இழுத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். சிங்காநல்லூரில் லாரித் தார்ப்பாயும் வேன் சீட்டும் தைக்கிற கடை எங்களுடையது. அப்பாவுக்குப் பிறகு நான் நடத்துகிறேன். ஒரு நாள் காலை, தோளில் வெள்ளைத் துணி மூட்டையோடு வந்து நின்றார். ஓரம் கிழிந்திருக்கிறது, ஒட்டுப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். விரித்துப் பார்த்தேன். மூன்று மூலைத் துணி. பந்தலுக்கும் ஆகாது, லாரிக்கும் ஆகாது. இது என்னவென்று கேட்டதற்குப் பாய் என்றார். என்ன பாய் என்றதற்குக் காற்றுக்கு என்றார். அதற்கு மேல் அவர் வாயிலிருந்து எதுவும் வரவில்லை.

மாலையில் வந்தவர் மஞ்சப் பையிலிருந்து ஒரு கொக்கித் தராசை எடுத்தார். பழைய பேப்பர்க்காரர்கள் கட்டைத் தொங்கவிட்டு எடை போடுவார்களே, அதுதான். துணியின் ஒரு முனையை என் மேசைக் காலில் கட்டினார். நான் போட்ட ஒட்டில் கொக்கியை மாட்டினார். முள் நாற்பது கிலோவைத் தாண்டும் வரை பின்னால் சாய்ந்து இழுத்தார். தையல் அசையவில்லை. எனக்குத்தான் காதைப் பிடித்துத் திருகியது மாதிரி இருந்தது. எங்கள் தார்ப்பாய் டெல்லி வரைக்கும் மழையில் போய் வருகிறது, இது வரை யாரும் இப்படிச் செய்ததில்லை, சந்தேகம் இருந்தால் துணியை எடுத்துக்கொண்டு வேறு கடையைப் பாருங்கள் என்று கத்திவிட்டேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் முகம் சுண்டிப்போனது. "தப்பா எடுத்துக்காதீங்க அம்மணி. பழக்கமாயிப்போச்சுங்க" என்று சொல்லி, தராசைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் இன்னொரு பாயோடு வந்தார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட என் முன்னால் தராசை எடுத்ததில்லை, என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. அது எனக்கு இன்னும் உறுத்தியது. உலகத்தில் எதையும் நம்பாத மனுஷன் என்னை மட்டும் ஏன் விட்டுவைக்கிறார் என்று தோன்றியது. சந்தேகத்தில் நானும் லேசுப்பட்டவள் இல்லை.

அப்போது அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். காக்கிச் சட்டை. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்குகிற மூக்குக் கண்ணாடி. நகக்கண் எல்லாம் ஃபைபர் பிசின் காய்ந்து மஞ்சளாக இருக்கும். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போது மட்டும் அந்தத் தெலுங்கு வெளியே வரும். மூடிப்போன ஒரு நூல் மில்லின் குடோனை வாடகைக்குப் பிடித்திருந்தார். அதற்குள் எந்நேரமும் ஏழெட்டுப் படகுகள் குப்புறக் கிடக்கும்.

கடல் இல்லாத ஊரில் பாய்மரப் படகு விற்கிறவன் வேறு எதையோதான் விற்கிறான் என்பது எங்கள் வீதி டீக்கடையின் தீர்ப்பு. சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கோவாவிலிருந்தும் லாரியில் படகு வருகிறது, அதன் வயிற்றுக்குள் என்ன வருகிறது என்று யாருக்குத் தெரியும் என்பார்கள். நானும் தலையாட்டியிருக்கிறேன். பாயைக் கொடுக்கிற சாக்கில் குடோனுக்குப் போய் மூலை முடுக்கெல்லாம் கண்ணால் துழாவியிருக்கிறேன். பிசின் டின்னும் உப்புக்காகிதமும் தவிர எதுவும் அகப்படவில்லை. அகப்படாததே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

உண்மையில் அவர் தொழில் நேரானது. கடலோர ஊர்களில் படகுப் போட்டி நடத்துகிற கிளப்புகள் பழசானதைக் கழித்துவிடும். இவர் அதை வாங்கி வந்து சரிசெய்து, ஏரியும் விடுதியும் வைத்திருக்கிறவர்களுக்கு விற்பார். அதற்கு ஏன் கோயம்புத்தூர் என்று ஒரு தடவை கேட்டேவிட்டேன். கடற்கரையில் படகு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் தேய்ந்த கப்பியைக் காட்டினால் சாயங்காலத்துக்குள் அதே மாதிரி கடைந்து கொடுக்கிற லேத்துக்காரர் நம்மூரில்தான் இருக்கிறார் என்றார். பித்தளை வார்க்க ஒருவர், கார் பெயின்டர் ஒருவர், பாய்க்கு நான். எல்லாம் இரண்டு கிலோமீட்டருக்குள்.

அவர் படகைச் சோதிக்கிற முறை ஒன்று உண்டு. ஊரெல்லாம் படகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார்கள். இவர் தண்ணீரைப் படகில் விட்டுப் பார்ப்பார். பத்துப் பதினைந்து குடம் ஊற்றி, அதில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தைக் கலந்து, ஒரு நாள் முழுக்க அப்படியே வைத்திருப்பார். மறுநாள் படகுக்கு அடியில் மல்லாந்து படுத்து, வெள்ளை அடிப்பாகத்தில் எங்கே நீலம் கசிந்திருக்கிறது என்று டார்ச் அடித்துத் தேடி, சாக்பீஸால் வட்டம் போடுவார். பத்து நாளைக்கு ஒரு தடவை குழாய்த் தண்ணீர் வருகிற வீதி எங்களுடையது. பெண்கள் சண்டைக்குப் போனார்கள். வேண்டுமானால் மறுநாள் வந்து பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். நீலத் தண்ணீரை வைத்து என்ன செய்வது? வெள்ளை வேட்டி இருந்த வீடுகளுக்கு மட்டும் அவர்மேல் கோபம் கொஞ்சம் குறைந்தது.

விற்கிறவன் சொல்வதை அவர் மதித்ததே இல்லை. "வாய் சொல்றதக் கேட்டுக்கலாமுங்க. நம்பறதுக்குத் தண்ணி சொல்லோணும்" என்பார். போனில் அனுப்புகிற படத்தைப் பார்த்து ஒரு படகும் வாங்கியதில்லை, படம் எடுக்கிறவன் நல்ல பக்கத்தைத்தான் எடுப்பான் என்பார். கலக்குகிற பிசினில் ஒரு கரண்டி எடுத்துத் தனியாகக் காகிதக் கோப்பையில் வைத்து, அது கல்லாகிற வரை அந்தப் படகைத் தொடமாட்டார். டீ வந்தால் முகர்ந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். டீக்கடைக்காரர் அவருக்கு மட்டும் பால் பாக்கெட்டைக் காட்டிவிட்டு ஊற்றுவார்.

தன் படகை விற்கும்போது அவர் செய்ததுதான் என்னைக் குழப்பிவிட்டது. விளம்பரத்துக்கு ஓட்டை உடைசலை மட்டும் படம் எடுத்துப் போடுவார். இங்கே விரிசல் இருந்தது, அடைத்திருக்கிறேன். இந்தக் கப்பி புதுசு, அந்தக் கம்பம் பழசு. பார்க்கிறவர்கள் பயந்து ஓடினார்கள். மிஞ்சி வந்தவர்களையும் உட்காரவைத்து நீச்சல் தெரியுமா, எந்தத் தண்ணீரில் விடப்போகிறீர்கள், எத்தனை ஆழம், காற்று எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று பெண் பார்க்கப் போன இடத்தில் கேட்கிற மாதிரி குடைவார். சின்னச் சின்னக் குறையை அவரே சொல்கிறார் என்றால் பெரிசாக எதையோ மறைக்கிறார் என்று நான் முடிவு கட்டினேன். எனக்கு அது அவ்வளவு பொருத்தமாகப் பட்டது.

ஆனாலும் என் சிநேகிதி கௌசல்யாவை அவரிடம் கூட்டிக்கொண்டு போனது நான்தான். பள்ளிக்கூடத்திலிருந்து பழக்கம். மேட்டுப்பாளையத்துக்கு அந்தப் பக்கம், அணையின் பின்தண்ணீர் ஓரமாக அவளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் பாக்குத் தோப்பு இருக்கிறது. அதில் நாலு அறை கட்டி விருந்தாளிகளுக்கு விட்டிருந்தார்கள். படகு விட அனுமதி வாங்கவே ஒரு வருடம் அலைந்திருந்தாள். இரண்டு பேர் ஓட்டுகிற ஃபைபர் படகு ஒன்று அவளுக்குப் பிடித்துப்போனது. அதற்குப் பாய் தைத்தது நான்.

படகை இறக்கிய அன்று நானும் போயிருந்தேன். மிதவைச் சட்டை நான்கைக் கையோடு கொண்டுவந்து, கௌசல்யாவின் வீட்டுக்காரரைத் தன் கண் முன்னால் போட்டுக் காட்டச் சொல்லி, பக்கிளை மாட்டச் சொல்லி, அதையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் கயிற்றைக் கையில் கொடுத்தார். படகைப் பற்றி அரை மணி நேரம் சொன்னார். கௌசல்யாவின் வீட்டுக்காரர் சரிங்க சரிங்க என்று தலையாட்டியபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் கௌசல்யாவும் சமையல்கட்டில் இருந்தோம்.

இரண்டு வாரம் கழித்துக் கௌசல்யா போன் செய்தாள். படகின் இரண்டு பக்கமும் பெஞ்சு மாதிரி இருக்கிறதே, அதில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு இடுப்பு வலிக்கிறதாம். மெத்தை வைக்கலாமா என்று அவரிடம் கேட்டாளாம். வேண்டாம் என்றாராம். அப்படியே வைத்தாலும் கயிற்றால் கட்டித்தான் வைக்க வேண்டும் என்றாராம். ஒரு மெத்தைக்கு ஏன் அந்த மனுஷன் அவ்வளவு பயப்படுகிறார் என்று இருவரும் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சிலேயே எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. பெஞ்சில்தான் ஏதோ இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை நுரைமெத்தையும் ரெக்சினும் டிரில் மெஷினும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். படகு கரையில் இருந்தது. பெஞ்சை விரலால் தட்டினேன். டொக் டொக் என்று வெற்றுச் சத்தம். உள்ளே மரம் கொடுத்திருக்க வேண்டிய இடம் அது. சுண்டுவிரல் நுழைகிற அளவில் இரண்டு ஓட்டை போட்டேன், ஒன்று டார்ச் வெளிச்சத்துக்கு, ஒன்று என் கண்ணுக்கு. உள்ளே ஒன்றுமே இல்லை. படகின் நீளத்துக்கும் வெறும் கூடு. மற்றப் பக்கத்திலும் தட்டினேன், அதே சத்தம். மனுஷனைப் பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைத்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது? சந்தோஷமாகத்தான் இருந்தது.

சாட்சி எங்கும் போகாது என்று ஓட்டையின் மேலேயே மெத்தையை வைத்தேன். வேனுக்குப் போடுகிற மாதிரி ஓரத்தில் பட்டை விட்டு, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு ஸ்க்ரூ இறக்கினேன். மத்தியானம் இலை போடுகிற நேரத்தில் கௌசல்யாவிடம் சொன்னேன். "உள்ள ஒண்ணுமே இல்ல புள்ளே. வெறும் டப்பாவ உன்ற தலைல கட்டிப்போட்டாரு." அவள் கையைக்கூடக் கழுவாமல் அவருக்குப் போன் போட்டு, எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தாள். மோசடி என்றாள், போலீஸ் என்றாள். அவர் குறுக்கே பேசவில்லை. அவள் முடித்த பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

"உள்ள எப்படிங்க பாத்தீங்க?"

ஓட்டை போட்டுத்தான் பார்த்தோம் என்றாள் கௌசல்யா.

"படகு இப்ப எங்கீங்க இருக்குது?"

அப்போதுதான் எங்களுக்கே ஞாபகம் வந்தது. அவள் வீட்டுக்காரரும், தங்க வந்திருந்த ரிட்டயர்டான ஒரு பேங்க்காரரும் புது மெத்தையில் உட்கார்ந்து பார்க்கிறோம் என்று அரை மணிக்கு முன்புதான் கிளம்பியிருந்தார்கள்.

"கரைக்கு வரச் சொல்லுங்க. மொதல்ல அதச் செய்யுங்க. என்னைய அப்புறம் திட்டிக்கலாமுங்க."

ஓடினோம். மத்தியானத்துக்கு மேல் அங்கே மலையிலிருந்து காற்று இறங்கும். பாய் தூரத்தில் நன்றாகப் புடைத்து அழகாகப் போய்க்கொண்டிருந்தது. கௌசல்யா முந்தானையை வீசிக் கத்தினாள். அவர்கள் பதிலுக்குக் கையை ஆட்டினார்கள். அடுத்த காற்றில் பாய் அப்படியே தண்ணீரில் படுத்தது. படகு கவிழும், கவிழ்ந்தாலும் மிதக்கும், பிடித்துக்கொண்டு நிமிர்த்திவிடலாம் என்று பாய்மரக்காரர் அவள் வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாராம். இது மிதக்கவில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது. என் தையல் போட்ட வெள்ளைத் துணி தண்ணீருக்கு மேல் சுருங்கிக்கொண்டே வந்து கடைசியில் காணாமல் போனது. இரண்டு தலைகள் மட்டும் ஆரஞ்சுச் சட்டைக்கு மேலே தெரிந்தன.

வலை விரித்துக்கொண்டிருந்த இரண்டு பரிசல்காரர்கள் துடுப்புப் போட்டு வந்து அவர்களைத் தூக்கிப் போட்டார்கள். பேங்க்காரர் நிறையத் தண்ணீர் குடித்திருந்தார். மேட்டுப்பாளையம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், பிழைத்துக்கொண்டார். அந்தச் செய்தி வரும்வரை நான் பாக்கு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். டப்பாப் படகு டப்பாப் படகு என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. உள்ளே வேறு ஏதோ ஒன்று முளைவிட்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பாய்மரக்காரர் நாலு மணிக்கு வந்தார், கையில் ஒரு சைக்கிள் பம்பு. அதற்குள் பரிசல்காரர்கள் கயிறு கட்டிப் படகைக் கரைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். கௌசல்யாவின் வீட்டுக்காரர் படகை இழுத்த ஈர உடம்போடு போய் அவர் சட்டையைப் பிடித்தார். தோப்பு ஆட்கள் சுற்றிக்கொண்டார்கள். முதலில் அவர் கேட்டது பேங்க்காரர் எப்படி இருக்கிறார் என்றுதான். பரவாயில்லை என்று யாரோ சொன்னதும், தன் சட்டையைப் பிடித்திருந்த கையை மெதுவாக எடுத்துவிட்டு, ஒரு வாளி சோப்புத் தண்ணீர் கேட்டார்.

பெஞ்சின் கோடியில் இருந்த பித்தளைத் திருகைக் கழற்றினார். உள்ளிருந்து தண்ணீர் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டியது. வெகு நேரம் கொட்டியது. பிறகு மெத்தையின் ஸ்க்ரூக்களைக் கழற்றி, மெத்தையைத் தூக்கி, அடியில் என் இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார். கழற்றிய ஸ்க்ரூக்களைத் திரும்பவும் அதே இடத்தில் இறக்கினார். பெஞ்சு முழுக்கச் சோப்பு நுரையைத் தடவினார். அவர் குடோனிலும் இதைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். படகைக் கழுவுகிறார் என்று நினைத்திருந்தேன். திருகு இருந்த துளையில் பம்பின் குழாயைத் துணி சுற்றிச் செருகி, பெரிய ஓட்டை இரண்டையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, கௌசல்யாவின் வீட்டுக்காரரைப் பம்பு அடிக்கச் சொன்னார்.

எட்டு ஸ்க்ரூவிலும் குமிழி வந்தது. பஞ்சர் கடையில் வருகிற மாதிரி. ஒன்று விடாமல் வந்தது.

உள்ளே இருப்பது காற்று, அதுதான் படகைத் தூக்கி நிறுத்துகிற சாமான், அதற்காகத்தான் அதை மூடி வைத்திருக்கிறது என்று பொதுவாகச் சொன்னார். யார் போட்ட ஓட்டை என்று கேட்கவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை. தோப்பு ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கௌசல்யா தரையைப் பார்த்தாள். அவள் வாயால் சொல்லமாட்டாள் என்று தெரிந்தது.

"நான்தானுங்க போட்டேன்" என்றேன். "ஓட்டையும் நான்தான், ஸ்க்ரூவும் நான்தான்."

கௌசல்யாவின் வீட்டுக்காரர் பம்பைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார். அதற்குப் பிறகு இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

திரும்பும்போது ஒரே பஸ். அவர் முன்னாலும் நான் பின்னாலும் உட்கார்ந்திருந்தோம். காரமடையில் கூட்டம் இறங்கியதும் நான் எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊரில் எல்லாரையும் சந்தேகப்பட்டீர்கள், என்னையும் பட்டிருக்கலாமே, இன்றைக்கு இரண்டு உசிர் போயிருக்குமே என்று கேட்டேன். கொஞ்சம் கோபமாகவே கேட்டேன். வெட்கத்தில் வருகிற கோபம் அது.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். மாட்டிக்கொள்ளாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"சந்தேகப்பட்டனுங்க அம்மணி. மெத்தைன்னு அவீக கேட்டப்பவே நீங்கதான் தெச்சுக் குடுப்பீங்கன்னு தெரியும். ஸ்க்ரூ போட்டுருவீங்களோன்னு மனசு அடிச்சுக்குச்சுங்க. போன் பண்ணிக் கேட்டுப்போடலாம்னு நம்பரக்கூட எடுத்துட்டேன்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "அன்னிக்குத் தராசு புடிச்சதுக்கே அத்தன வருத்தப்பட்டீங்க. தொழில் தெரிஞ்ச பொம்பளயப் பாத்து மறுக்கா எப்படிங்க கேக்கறது? மருவாதியா இருக்காதுன்னு உட்டுப்போட்டனுங்க."

என் ரோஷத்துக்கு இரண்டு பேரை விலையாகக் கேட்டிருக்கிறேன். அவரும் மரியாதையாகக் கொடுக்கப் பார்த்திருக்கிறார்.

"இனிமே உங்ககிட்ட மருவாதி பாக்க மாட்டனுங்க" என்றார்.

"பாக்காதீங்க" என்றேன்.